ஸ்கேனுக்கு முன்னால் நடக்கும் வேதியியல்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்கேனுக்காக உடலில் செலுத்தும் கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் கதிர்மருந்து வேதியியல் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் வேலைவாய்ப்புக் கேள்விகளே அதிகம். மருத்துவமனைகளில் கதிரியக்க மருந்து கையாளும் ஹாட் லேபுகளிலிருந்து வந்த சில கேள்விகள் மட்டும் நீண்ட பதிலைக் கேட்டன. அவற்றுக்கு இடம் தாராளமாகவே கொடுத்திருக்கிறோம்.

எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்கேன் மருந்து தயாரிக்கும் வேதியியலாளர் உண்மையில் என்ன செய்வார்? அந்த வேலைக்குப் போவது எப்படி? – மாணவி, திருச்சி

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். பெட் ஸ்கேன் மருந்து தயாரிக்கும் சைக்ளோட்ரான் (துகள்களை வேகப்படுத்திக் கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் இயந்திரம்) மையத்தில் வேலை பெரும்பாலும் இரவு ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கும். நோயாளி காலை எட்டு மணிக்கு வருவார். மருந்தின் அரை ஆயுளோ (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 110 நிமிடம். முந்தைய நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்க வழியில்லை. உள்ளே வந்ததும் ஹாட் செல் எனும் கவசமிட்ட தயாரிப்புப் பெட்டியின் காற்றழுத்தம், நைட்ரஜன் சிலிண்டரின் அளவு, தயாரிப்புக் குழாய்கள் அடங்கிய கேசட்டின் கசிவுச் சோதனை. சைக்ளோட்ரான் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரச் சோதனைக் கருவிகளைச் சரிபார்த்துவிட வேண்டும். பிறகு தயாரிப்பு அரை மணி நேரம், சோதனை இன்னொரு அரை மணி நேரம், கையெழுத்து, வண்டி கிளம்பும். விடிந்தபின் மிச்சமிருப்பது பெரும்பாலும் எழுத்து வேலை: எந்த லாட் கரைப்பான், எந்த வடிகட்டி, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். எழுதப் பிடிக்காதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

இன்னொரு வகை, மருத்துவமனை ஹாட் லேப். அங்கே சைக்ளோட்ரான் இருக்காது, கதிரியக்கத் தனிமத்தைத் தரும் ஜெனரேட்டரும், அதைச் சேர்த்தால் மருந்தாகும் தயார்நிலைக் குப்பிகளான கிட்டுகளும்தான். மூன்றாவது, புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் ஆராய்ச்சிப் பணி. அங்கே பாதி நாள் கரிம வேதியியல், மீதி நாள் கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியோடு மல்லுக்கட்டு.

வழிகளைப் பொறுத்தவரை, பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளி நேரான பாதை. எம்.எஸ்ஸி.யில் 60 சதவீதம் வேண்டும். கேட் மதிப்பெண் அல்லது அவர்களே நடத்தும் தேர்வு, அதன்பின் நேர்முகம், ஓராண்டுப் பயிற்சி. கல்பாக்கத்திலும் அந்தப் பள்ளியின் கிளை உண்டு. அணு மருத்துவத் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு மருத்துவமனைப் பக்கம் கொண்டுபோகும். தனியார் சைக்ளோட்ரான் மையங்களில் வேதியியல், மருந்தியல் பட்டதாரிகளை எடுத்துப் பயிற்சி தருவதும் உண்டு. எந்த வழியில் போனாலும் அணைவுச் சேர்மங்களின் வேதியியலையும், கலவைகளைப் பிரித்தறியும் குரோமட்டோகிராபியையும் இப்போதே ஆழமாகப் படியுங்கள். கதிரியக்கத்தை வேலையில் கற்றுக்கொள்ளலாம். குரோமட்டோகிராம் பார்க்கும் கண் அவ்வளவு சுலபமாக வராது.

சாதாரண வேதியியலுக்கும் கதிர்வேதியியலுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கரும்பலகையில் போட ஒரு கணக்கு தர முடியுமா? – கல்லூரி ஆசிரியர், காரைக்குடி

எலும்பு ஸ்கேனுக்கு ஏறத்தாழ 20 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அலகு) டெக்னீசியம்-99எம் ஊசி போடுகிறார்கள். அரை ஆயுள் 6 மணி நேரம் என்று வைத்து எடையைக் கணக்கிடச் சொல்லுங்கள். 4 நானோகிராம்கூட வராது. 10 மில்லிகியூரி ஃபுளோரின்-18 எடுத்தால் 0.1 நானோகிராம்.

இதன் விளைவு என்ன? 50 மில்லிகியூரி கேலியம்-68 என்பது சுமார் 18 பிக்கோமோல். உங்கள் நீரில் எங்கிருந்தோ 1 மைக்ரோகிராம் இரும்பு கலந்துவிட்டால் அது 18 நானோமோல். அசுத்தம், மருந்தாக வேண்டிய உலோகத்தைவிட ஆயிரம் மடங்கு அதிகம்! 'அனலிட்டிக்கல் கிரேடு' என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி இங்கே வேலை செய்ய முடியாது. இரண்டாவது வேறுபாடு கடிகாரம். சாதாரண ஆய்வகத்தில் 90 சதவீத விளைச்சலுக்காக ஆறு மணி நேரம் காய்ச்சலாம். கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம். அங்கே ஐந்து நிமிடத்தில் 40 சதவீதம் தரும் வினையே சிறந்த வினை.

எங்கள் மையத்தில் திங்கள்கிழமை எடுக்கும் எலும்பு ஸ்கேன்களில் மட்டும் வயிறும் தைராய்டும் பளிச்சென்று தெரிகின்றன. கேமராவில் கோளாறா? – அணு மருத்துவத் தொழில்நுட்பர், மதுரை

கேமரா மேல் பழி போடாதீர்கள். வயிறு, தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி மூன்றும் தெரிந்தால் அது எலும்பைத் தேடிப்போகும் எம்.டி.பி. மூலக்கூறோடு சேராமல் தனித்து நிற்கும் டெக்னீசியம், அதாவது பெர்டெக்னிடேட். 'திங்கள் மட்டும்' என்பதுதான் துப்பு.

ஜெனரேட்டருக்குள் அலுமினா தூணில் மாலிப்டினம்-99 ஒட்டியிருக்கிறது. அது சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகிறது. 0.9 சதவீத சலைன் விட்டால் அது மட்டும் கழுவப்பட்டு வரும். ஆனால் டெக்னீசியம்-99எம் தானும் சிதைந்து, 2 லட்சம் ஆண்டுக்கு மேல் அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99 ஆகிறது. வேதியியல்படி இரண்டும் ஒன்றே. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் வெளிவரும் டெக்னீசியம் அணுக்களில் சுமார் 28 சதவீதம் நமக்கு வேண்டிய '99எம்'. வெள்ளி காலை எடுத்துவிட்டுத் திங்கள் காலை வரை தொடாமல் விட்டால் அது ஏறக்குறைய 8 சதவீதம்தான். மீதி எல்லாம் பயனற்ற சகோதரன். ஆனால் கிட்டில் உள்ள ஸ்டேனஸ் (வெள்ளீய) அயனியை அதுவும் சமமாகத் தின்னும். போதாக்குறைக்கு மூன்று நாள் கதிர்வீச்சில் நீர் சிதைந்து உண்டான ஆக்சிஜனேற்றிகளும் கூடவே வருகின்றன. டெக்னீசியம் ஏழு என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து கீழே இறங்கினால்தான் எம்.டி.பி.யைப் பிடிக்கும், இறக்குவதற்கு ஸ்டேனஸ் மிச்சம் வேண்டும்.

தீர்வு எளிது. ஞாயிறு ஒருவர் வந்து ஒருமுறை எடுத்துவிட வேண்டும். ஆள் இல்லையென்றால், திங்களின் முதல் எடுப்பைக் கிட் தேவையில்லாத தைராய்டு ஸ்கேனுக்கு ஒதுக்கிவிட்டு, சில மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவதைக் கிட்டுகளுக்குப் பயன்படுத்துங்கள். ஆறு மணி நேரத்தில் உச்சத்தில் பாதி அளவு மீண்டும் சேர்ந்திருக்கும். மூளை ஸ்கேனுக்கான எச்.எம்.பி.ஏ.ஓ. கிட் இந்த விஷயத்தில் இன்னும் முரண்டு பிடிக்கும். 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்ட ஜெனரேட்டரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளான புதுத் திரவம்தான் அதற்கு வேண்டும். தயாரித்து அரை மணி நேரத்துக்குள் போட்டுவிடவும் வேண்டும்.

மற்ற நாட்களிலும் பெர்டெக்னிடேட் எட்டிப் பார்த்தால் காற்றைச் சந்தேகியுங்கள். குப்பியில் 5 மில்லி செலுத்தினால் அதே 5 மில்லி வாயுவைத் திரும்ப இழுக்க வேண்டும். ஒவ்வொரு டோஸ் எடுக்கும்போதும் சிரிஞ்சில் காற்று நிரப்பி உள்ளே தள்ளும் பழக்கம் நர்சிங் பயிற்சியிலிருந்து வருவது. வேறு மருந்துகளுக்கு அது சரி. நைட்ரஜன் நிரப்பி வந்த ஸ்டேனஸ் கிட்டுக்கு அது விஷம்.

ஊகிப்பதைவிடச் சோதிப்பது மேல். ஐ.டி.எல்.சி. எனும் குரோமட்டோகிராபிப் பட்டைகள் இரண்டு போதும். ஒன்றை அசிட்டோனில் வையுங்கள்: தனி பெர்டெக்னிடேட் மட்டும் மேலே ஓடும். இன்னொன்றைச் சலைனில் வையுங்கள்: மருந்தும் பெர்டெக்னிடேட்டும் ஓட, கூழ்ம நிலை டெக்னீசியம் அடியிலேயே நிற்கும். இரண்டு அசுத்தங்களையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் தூய்மை. 90க்குக் கீழே போனால் ஊசி போடக் கூடாது. வைத்த சொட்டு கரைப்பான் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், காய்வதற்குக் காத்திருக்கவும் கூடாது. காய்ந்தால் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் நடந்து, இல்லாத பெர்டெக்னிடேட் இருப்பதாகக் காட்டும்.

எஃப்.டி.ஜி. (ஃபுளோரின்-18 ஏற்றிய குளுக்கோஸ் வகைப் பெட் ஸ்கேன் மருந்து) தயாரிப்பைப் படிப்படியாக விளக்குங்கள். விளைச்சல் திடீரென்று விழுவது ஏன்? – தயாரிப்புப் பிரிவுப் பயிற்சியாளர், சென்னை

ஆக்சிஜன்-18 செறிவூட்டிய நீர், 2 முதல் 3 மில்லி. அதன் மேல் புரோட்டான் கற்றை. மருத்துவ சைக்ளோட்ரான்களில் 11 முதல் 18 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய உச்சத்தில் 31 சதவீதம், இரண்டு மணி நேரத்தில் 53, நான்கு மணி நேரத்தில் 78 சதவீதம் ஃபுளோரின்-18 சேரும். இரவெல்லாம் ஓட்டினாலும் அதற்கேற்ற லாபம் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

நீர் ஹாட் செல்லுக்கு வந்ததும் க்யூ.எம்.ஏ. எனும் அயனிப் பரிமாற்றக் கார்ட்ரிட்ஜ் ஃபுளூரைடைப் பிடித்துக்கொள்ளும். விலையுயர்ந்த நீர் தனியே சேமிக்கப்படும். பொட்டாசியம் கார்பனேட்டும், பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளும் கிரிப்டோஃபிக்ஸும் கலந்த அசிட்டோநைட்ரைல்–நீர்க் கரைசல் ஃபுளூரைடைக் கழுவி வினைக்கலனுக்குக் கொண்டுபோகும். அங்கே நைட்ரஜன் ஓட்டத்தில், வெற்றிடத்தில், மீண்டும் அசிட்டோநைட்ரைல் சேர்த்துச் சேர்த்து உலர்த்த வேண்டும். பிறகு ஃபுளூரைடு சேர வேண்டிய சர்க்கரை மூலப்பொருளான மேனோஸ் டிரைஃப்ளேட் சுமார் 25 மில்லிகிராம், 85 டிகிரி, சில நிமிடங்கள். குளுக்கோஸ் வேண்டுமென்றால் ஏன் மேனோஸில் தொடங்குகிறோம்? ஃபுளூரைடு பின்பக்கமாகத் தாக்குவதால் இரண்டாவது கார்பனில் அமைப்பு தலைகீழாகிறது. மேனோஸில் தொடங்கினால்தான் குளுக்கோஸ் அமைப்பில் முடியும். அடுத்து காரத்தாலோ அமிலத்தாலோ அசிட்டைல் கவசங்களை நீக்கி, சி-18, அலுமினா கார்ட்ரிட்ஜுகளில் சுத்தம் செய்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகக் குப்பிக்கு. எல்லாம் 25 நிமிடச் சொச்சம். அதற்குள்ளேயே 15 சதவீதம் சிதைந்துபோகும். 1986இல் ஜெர்மனியின் யூலிஷ் நகரில் ஹமாகர், கோனென், ஸ்டாக்லின் மூவரும் வெளியிட்ட முறைதான் இது. அதற்கு முன்பு 1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஃபுளோரின் வாயுவைக் கொண்டு செய்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பி முதல் மனிதருக்குக் கொடுத்தார்கள்.

விளைச்சல் விழுந்தால் முதலில் உலர்த்தும் கட்டத்தைப் பாருங்கள். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த ஃபுளூரைடு சோம்பேறி, தாக்காது. வெற்றிடப் பம்பு பலவீனமாகியிருக்கலாம், நைட்ரஜன் அழுத்தம் இறங்கியிருக்கலாம். அளவுக்கு மீறி உலர்த்தினாலும் ஆபத்து உண்டு: ஃபுளூரைடு கலன் சுவரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வராது.

அடுத்த சந்தேகம் மேனோஸ் டிரைஃப்ளேட் மீது. குளிரில் இருக்கும் குப்பியை எடுத்த கையோடு திறந்தால் ஈரக்காற்று உள்ளே படிந்து டிரைஃப்ளேட் கெடும். நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்தில் இது சாதாரணமாக நடப்பது. அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். மூன்றாவது, மறுபயன்பாட்டு நீர். அதில் கரிம எச்சங்கள் தங்கியிருந்தால் க்யூ.எம்.ஏ. பிடிப்பதே குறையும். எந்தக் கட்டத்தில் போனது என்று அறிய கார்ட்ரிட்ஜ், கலன், கழிவுக்குப்பி மூன்றிலும் மிச்சமுள்ள கதிரியக்கத்தை அளந்து பாருங்கள். தொலைந்த ஃபுளூரைடு எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

விளைச்சல் நன்றாக இருந்தும் மருந்து கெடுவதுண்டு. அதிக அளவு தயாரித்து சிறு கன அளவில் அடைத்தால், தன் கதிர்வீச்சாலேயே மருந்து சிதைந்து தனி ஃபுளூரைடு வெளியாகும். ஸ்கேனில் எலும்புகள் ஒளிர்வது அதன் அடையாளம். 0.1 அல்லது 0.2 சதவீத எத்தனால் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான்.

கிருமியின்மைச் சோதனைக்கு 14 நாள் ஆகும். அதற்குள் மருந்தே இருக்காதே! எந்த தைரியத்தில் வெளியே விடுகிறார்கள்? – மருந்து நிறுவனத் தரப் பிரிவு ஊழியர், ஓசூர்

சரியான கேள்வி. வெளியிடும் முன் முடிப்பவை, வெளியிட்டபின் முடிப்பவை என்று சோதனைகளைப் பிரித்துவிடுவார்கள்.

முன்னதில் முதலில் வருவது நிறமின்மையும் பிஎச் 4.5 முதல் 7.5 வரையும். சிலிக்கா தட்டில் 95:5 அசிட்டோநைட்ரைல்–நீர் விட்டால் தனி ஃபுளூரைடு அடியில் நிற்கும், எஃப்.டி.ஜி. நடுவே வரும், கவசம் நீங்காதது மேலே ஓடிவிடும். கிரிப்டோஃபிக்ஸுக்கு அயோடோபிளாட்டினேட் புள்ளிச் சோதனை. அமெரிக்க மருந்து நூல்படி மில்லிக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே. வாயு குரோமட்டோகிராபியில் அசிட்டோநைட்ரைல் 0.04 சதவீதத்துக்குள். இரண்டு அளவீடுகளிலிருந்து அரை ஆயுள் 105 முதல் 115 நிமிடத்துக்குள் வர வேண்டும். குறைந்தால் நைட்ரஜன்-13 கலந்திருக்கிறது. இலக்கு நீரில் சாதாரண ஆக்சிஜன்-16 நிறைய இருந்திருக்கிறது என்று பொருள். எண்டோடாக்சின் (பாக்டீரிய நச்சு) சோதனை கார்ட்ரிட்ஜ் கருவியில் கால் மணி நேரத்தில் முடியும். ஒரு டோஸுக்கு 175 அலகு வரம்பு.

கிருமிக்கு உடனடிச் சாட்சி வடிகட்டிதான். தயாரிப்பு முடிந்ததும் அதன்மேல் வாயு அழுத்தம் ஏற்றி, குமிழி எந்த அழுத்தத்தில் வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். வடிகட்டி தாங்கினால் சவ்வு கிழியவில்லை. அந்த ஆதாரத்தில் மருந்து போகிறது. மாதிரி 14 நாள் வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும். கிருமி வளர்ந்தால் மருந்தைத் திரும்ப அழைக்க முடியாது. பெற்ற மருத்துவர்களுக்குத் தெரிவித்து, ஹாட் செல்லைப் பிரித்துக் காரணம் தேடுவார்கள். இந்தத் துறையில் 'தரம்' என்பது குப்பியைச் சோதிப்பதைவிட, குப்பி உருவாகும் வழியைச் சோதிப்பது.

ஜெனரேட்டர் புதிதாக இருந்தபோது கேலியம்-68 டோட்டாடேட் (கட்டிகளைக் காட்டும் பெப்டைடு மருந்து) 98 சதவீதம் வந்தது. இப்போது 85ஐத் தாண்டவில்லை. பெப்டைடைக் கூட்டலாமா? – ரேடியோஃபார்மசிஸ்ட், கோவை

பெப்டைடைக் கூட்டினால் எண் ஏறும், காரணம் மறையும். சேராத பெப்டைடும் கட்டியின் அதே ஏற்பிகளுக்குப் போட்டியிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

40 மைக்ரோகிராம் டோட்டாடேட் என்பது 28 நானோமோல். 1 மைக்ரோகிராம் இரும்பு அதில் 18 நானோமோலை விழுங்க முடியும். ஆகவே உலோகம்தான் முதல் குற்றவாளி. அமிலத்தில் எஃகு ஊசி தொட்டதா? பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எந்தத் தரம்? மிக உயர்ந்த தூய்மை வகை வேண்டும். ஜெனரேட்டரை நேற்று எடுத்தீர்களா? கேலியம்-68 சிதைந்து நிலையான துத்தநாகம்-68 ஆகித் தூணிலேயே தங்கும். வார இறுதி கழித்து முதலில் வருவது அந்தத் துத்தநாகக் குவியல். ஒருமுறை எடுத்துக் கொட்டிவிட்டு நான்கு மணி நேரம் பொறுத்தால் 91 சதவீதம் மீண்டும் சேர்ந்துவிடும்.

அடுத்தது பிஎச். 3.5க்கும் 4க்கும் இடையே வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால், டோட்டாடேட்டில் உலோகத்தைப் பிடிக்கும் பகுதியான டோட்டாவின் கார்பாக்சில் கைகளில் புரோட்டான் ஏறி, உலோகத்தைப் பிடிக்காது. நாலரைக்கு மேலே கேலியம் ஹைட்ராக்சைடு கூழ்மமாகிவிடும். ஸ்கேனில் கல்லீரலில் தெரியும். அசிட்டேட் தாங்கல் கரைசல் பழையதாகி அடர்த்தி மாறினாலே பிஎச் நகரும். 1 முதல் 14 வரை காட்டும் பட்டை இங்கே உதவாது. குறுகிய வீச்சுப் பட்டை வாங்குங்கள். வெப்பம் 95 டிகிரி, பத்து நிமிடம். ஹீட்டர் காட்டும் எண்ணை நம்பாமல், குப்பிக்குள் நீர் வைத்து வெப்பமானியால் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

வயதும் ஒரு காரணம். ஜெனரேட்டருக்குள் கேலியத்தைத் தரும் ஜெர்மானியம்-68இன் அரை ஆயுள் 271 நாள். ஒன்பது மாதத்தில் பாதி கேலியம், ஆனால் அதே 5 மில்லி அமிலம், அதே அளவு உலோக அசுத்தம். எடுக்கும் திரவத்தை ஒவ்வொரு மில்லியாகப் பிரித்து அளந்து, கேலியம் செறிந்து வரும் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியம் கசிவு 0.001 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று, கேலியம் முழுக்கச் சிதைந்தபின், அதாவது இரண்டு நாள் கழித்து அளக்க மறக்காதீர்கள்.

ஆறு நோயாளிகளுக்கு தலா 8 மில்லிகியூரி எஃப்.டி.ஜி. என்றால் 48 மில்லிகியூரி வாங்கினால் போதாதா? எங்கள் மையம் 250 கேட்கிறதே! – மருத்துவமனைக் கணக்காளர், திருநெல்வேலி

போதாது. ஆறு பேருக்கும் ஒரே நொடியில் ஊசி போட முடியாது. அரை மணிக்கு ஒருவர் என்றால், கடைசி நபருக்கான 8 மில்லிகியூரி காலை எட்டு மணிக்கு 20.6 ஆக இருந்திருக்க வேண்டும். ஆறு பேருக்கும் சேர்த்து எட்டு மணிக்கு 81. அதை ஐந்து மணிக்குத் தயாரித்து மூன்று மணி நேரம் வண்டியில் கொண்டுவந்தால் 32 சதவீதம்தான் வந்து சேரும். ஆக, தயாரிக்கும் இடத்தில் 253. உங்கள் மையம் சரியாகத்தான் கேட்கிறது. நோயாளி ஒருவர் தாமதமாக வந்தால் தொழில்நுட்பர் ஏன் பதறுகிறார் என்பதும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒரு புதிய ஸ்கேன் மருந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கணினியில் வடிவமைத்துவிடலாமா? – ஆராய்ச்சி மாணவர், வேலூர்

இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் செஸ்டாமிபி உருவான விதத்தைப் பாருங்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை.

எழுபதுகளில் கையில் இருந்தது தாலியம்-201. பொட்டாசியம் போலத் தசைக்குள் போகும். ஆனால் அரை ஆயுள் 73 மணி நேரம், பயன்படும் கதிர்கள் பெரும்பாலும் 70, 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான்; உடலுக்குள்ளேயே மங்கிவிடும். டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கேமராவுக்கென்றே அளவெடுத்தது போன்றது. ஆகவே ஒரு நேர்மின் சுமையும் கொழுப்பில் கரையும் தன்மையும் கொண்ட டெக்னீசியம் சேர்மம் தேடினார்கள்.

சின்சினாட்டியில் எட்வர்ட் டாய்ச்சின் குழு பாஸ்பீன் ஈனிகளை (உலோகத்தைச் சுற்றிப் பிணையும் மூலக்கூறுகள்) கொண்டு ஒன்றைச் செய்தது. 1980களின் தொடக்கத்தில் நாயின் இதயம் அழகாகத் தெரிந்தது. மனிதருக்குக் கொடுத்தார்கள், தெரியவில்லை. உடலுக்குள் டெக்னீசியம் மூன்றிலிருந்து இரண்டு நிலைக்கு இறங்கி, மின்சுமை இழந்து, தசையை விட்டு வெளியேறிக் கல்லீரலுக்குப் போய்விட்டது. விலங்கில் வேலை செய்வது மனிதரிடம் செய்யாது என்பதை இத்துறை கற்ற இடங்களில் இது முக்கியமானது.

எம்.ஐ.டி.யின் ஆலன் டேவிசனும் ஹார்வர்டின் ஆலுன் ஜோன்ஸும் வேறு பாதை எடுத்தார்கள். டெக்னீசியத்தை 'ஒன்று' என்ற நிலைக்கே இறக்கி, ஆறு ஐசோநைட்ரைல் ஈனிகளால் சுற்றிக் கட்டிவிட்டால் அதற்குமேல் உடலால் இறக்க முடியாது. முதலில் டெர்ஷியரி பியூட்டைல் ஐசோநைட்ரைல்: இதயத்துக்குப் போனது, நுரையீரலிலும் கல்லீரலிலும் நிறையத் தங்கியது. கொழுப்பு நாட்டம் அதிகம். எஸ்டர் தொகுதி சேர்த்த அடுத்த வடிவம் கல்லீரலிலிருந்து சீக்கிரம் வெளியேறியது, இதயத்திலிருந்தும் வெளியேறிவிட்டது. மூன்றாவதாக ஈதர் தொகுதி கொண்ட மெத்தாக்சி ஐசோபியூட்டைல் ஐசோநைட்ரைல். இதயத்தில் நின்றது, கல்லீரலிலிருந்து போதுமான வேகத்தில் கழிந்தது. 1990இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஓர் எஸ்டருக்கும் ஈதருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு மருந்து பிழைத்தது. எந்தக் கணினியும் அன்று அதைச் சொல்லியிருக்காது. இன்றும் கல்லீரல் என்ன செய்யும் என்பதை எலியிடமும் மனிதரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கிட் ஆக்குவதில் இன்னொரு சிக்கல். ஐசோநைட்ரைல் எளிதில் ஆவியாகும். அதன் நாற்றமோ வேதியியலாளர்களிடையே பேர்போனது. அதை உறைய வைத்து உலர்த்த முடியாது. தாமிரத்தோடு பிணைத்து ஒரு திண்மச் சேர்மமாக்கினார்கள்: குப்பிக்கு 1 மில்லிகிராம். செஸ்டாமிபி கிட்டைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைப்பது எதற்கு என்று கேட்டால் 'கையேட்டில் அப்படி இருக்கிறது' என்றே பலரும் சொல்வார்கள். ஈனிகள் தாமிரத்தை விட்டு டெக்னீசியத்துக்கு மாறுவதற்கு அந்தச் சூடு வேண்டும். ஐந்து நிமிடத்தில் எடுத்தால் வினை பாதியில் நிற்கும்.

இதில் ஒருவர் ஆயுள் முழுக்க ஆராய என்ன இருக்கிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

புரூக்ஹேவனின் ஜோன்னா ஃபவுலரை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.டி.ஜி.யை முதலில் தயாரித்த குழுவில் இருந்தவர். பிறகு கார்பன்-11 ஏற்றிய டெப்ரினில் மூலம் மூளையில் எம்.ஏ.ஓ.-பி நொதியை அளக்க முயன்றார். மருந்து நொதியோடு மிக வேகமாகச் சிக்கியது. படம் நொதியின் அளவைவிட ரத்த ஓட்டத்தையே காட்டியது. மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜனை டியூட்டீரியமாக மாற்றினார்கள். அந்தப் பிணைப்பு உடைவது மெதுவானது. சிக்கும் வேகம் குறைந்து, நொதியின் அளவு தெரிந்தது. 1996இல் புகைப்பிடிப்போரின் மூளையில் அந்த நொதி சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை அவர் குழு காட்டியது. பின்னர் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றார்.

மகள் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். கதிர்வீச்சு, பிள்ளைப்பேறு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். – தந்தை, ஈரோடு

பயத்துக்கு அளவு உண்டு. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. நெஞ்சில், வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அணிவார்கள். உலகில் எல்லோரும் இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரி 2.4 வாங்குகிறோம்.

கர்ப்பம் தெரிந்தவுடன் மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். எஞ்சிய மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் வரம்பு. அந்தக் காலத்தில் ஹாட் லேபை விட்டு ஆவணப் பணி, கதிரியக்கம் இல்லாத சோதனைகள் என்று மாற்றித் தருவது வழக்கம். பால் கொடுக்கும் காலத்திலும் கதிர்மருந்து உடலுக்குள் போகக்கூடிய வேலைகளைத் தவிர்க்க வேண்டும்.

உண்மையில் அதிகம் வாங்குவது விரல்கள். கைகளுக்கான வரம்பு ஆண்டுக்கு 500. குப்பியை விரலால் பிடிப்பதற்கும் 30 செ.மீ. நீள இடுக்கியால் பிடிப்பதற்கும் நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு. டெக்னீசியக் கதிரைப் பாதியாக்க கால் மில்லிமீட்டர் சொச்சம் ஈயம் போதும். பெட் மருந்தின் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 4, 5 மில்லிமீட்டர் வேண்டும். எக்ஸ்ரே அறையின் ஈய அங்கி அதன் முன் வெறும் பாரம். மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேலைக்குச் சேரும் இடத்தில் விரல் மோதிர டோசிமீட்டர் தருகிறார்களா, டங்ஸ்டன் சிரிஞ்சு உறை இருக்கிறதா? இல்லையென்றால் வேறு இடம் பார்க்கட்டும்.

இதய ஸ்கேனுக்கு ஊசி போட்டபின் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். எதற்கு? – வாசகர், கும்பகோணம்

மேலே சொன்ன செஸ்டாமிபிதான். கல்லீரலில் சேர்ந்த மருந்து பித்தத்தோடு குடலுக்குப் போகிறது. கல்லீரலும் குடலும் இதயத்தின் கீழ்ச்சுவரை ஒட்டியே இருப்பதால், அங்கே மருந்து நின்றால் கீழ்ச்சுவர் படத்தில் குழப்பும். கொழுப்புள்ள உணவு பித்தப்பையைச் சுருங்க வைத்து மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றும். அதற்காகத்தான் பாலும் அரை மணி, ஒரு மணி நேரக் காத்திருப்பும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னதாகவே சொல்லிவிட்டால் கொழுப்புள்ள வேறு ஏதாவது தருவார்கள்.